துடைப்பத்தை எடுக்காதீர்கள்!

எலிப் புழுக்கையைக் கண்டதும் துடைப்பத்தை எடுப்பது பலருடைய வழக்கம். அது ஆபத்து! சுத்தம் செய்வதற்கும் ஒரு முறை வேண்டும்.

அமெரிக்காவில் 'யோசெமிட்டி' என்ற மலைப் பூங்கா உள்ளது. 2012-ம் ஆண்டு அங்கு தங்கியவர்களில் 10 பேரை 'ஹாண்டா' வைரஸ் தாக்கியது. 3 பேர் இறந்தனர்.

அவர்களில் பெரும்பாலோர் தங்கியது இரட்டைச் சுவர்க் கூடாரங்களில். குளிரைத் தடுக்கப் போட்ட சுவர், எலிகளுக்கு வீடாகிவிட்டது!

சிலவகை எலிகளின் எச்சில், சிறுநீர், புழுக்கையில் இந்தக் கிருமி இருக்கிறது. காய்ந்ததைப் பெருக்கினால், தூசியோடு கிளம்பி மூச்சில் கலந்துவிடும். முதலில் காய்ச்சல், பிறகு மூச்சுத் திணறல். இதைக் குணப்படுத்தத் தனி மருந்து இல்லை.

ஆகவே, சன்னலைத் திறவுங்கள். பிளீச்சிங் கரைசலைத் தெளித்து, 5 நிமிடம் ஊறவிடுங்கள். கையுறை அணிந்து, துணியால் துடையுங்கள். எலி வரும் ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

துடைப்பம் மூலையிலேயே இருக்கட்டும்!