வாடகை வீட்டின் கதவு யாருடையது?

2021 ஜூன் 2 அன்று ஒன்றிய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இரு தரப்பு நலன்களையும் சமன் செய்யும் சட்டம் என மோடி அரசு இதற்குப் புகழ்மாலை சூட்டியது. தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அதன் 17ஆவது பிரிவே காட்டிவிடுகிறது.

வீட்டுக்குள் நுழைய விரும்பும் உரிமையாளர் நாள், நேரம், காரணம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்புத் தர வேண்டும். சூரிய உதயத்துக்கு முன்போ, மறைவுக்குப் பின்போ நுழையக்கூடாது என்கிறது அப்பிரிவு. வெள்ளம், தீ போன்ற அவசர நிலைகளுக்கு மட்டுமே விலக்கு. இதுவரை சரியே. ஆனால் பழுதுபார்ப்பு, ஆய்வு ஆகிய காரணங்களுடன், ஒப்பந்தத்தில் குறிப்பிடப்படும் வேறு நியாயமான காரணத்துக்காகவும் நுழையலாம் என்று ஒரு பின்வாசல் திறக்கப்பட்டுள்ளது. ஒப்பந்தத்தை எழுதுபவர் உரிமையாளர். கையெழுத்திடுபவர் வேறு வீடு கிடைக்காத தொழிலாளி. இது எப்படிச் சமநிலையாகும்?

தண்டனையிலும் இதே கதைதான். காலம் முடிந்தும் காலி செய்யாத வாடகைதாரர் முதல் இரண்டு மாதங்களுக்கு இரு மடங்கும், பின்னர் நான்கு மடங்கும் வாடகை தர வேண்டும். அறிவிப்பின்றி நுழையும் உரிமையாளருக்கோ 17ஆவது பிரிவு ஒரு ரூபாய் அபராதம்கூட விதிக்கவில்லை.

இச்சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தின் மீது நிற்கிறது. தில்லி – குருகிராம் எல்லையில் உள்ள கபாஷேராவில் ஒற்றை அறைகளில் வாழும் ஆயத்த ஆடைத் தொழிலாளர்களில் எத்தனை பேரிடம் அந்தக் காகிதம் உள்ளது? அங்கே அறை உரிமையாளரே மளிகைக் கடைக்காரராகவும் இருப்பதுண்டு. அவர் கடையில்தான் அரிசி வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. அத்தகையவர் கதவைத் தட்டுவதற்கு முன் அறிவிப்புக் கேட்க எந்தத் தொழிலாளி துணிவார்?

கதவைத் திறக்கும் அதிகாரம் கதவோடு நிற்பதில்லை. அடுப்பில் வேகும் கறி எது, தனியாக வாழும் பெண்ணைக் காண வந்தவர் யார், குடியிருப்பவரின் சாதி என்ன, மதம் என்ன என்று அது துருவுகிறது. நிலப்பிரபுத்துவ மனோபாவம் நகரத்தில் வாடகை ரசீதுடன் உலவுகிறது.

‘என் வீட்டை நான் பார்க்கக் கூடாதா?’ என்பது உரிமையாளர்களின் வாதம். வீடு அவருடையதுதான், வாடகை பெறும் காலம் வரை வாழ்க்கை அவருடையது அல்ல. அத்துமீறி நுழைதல் குறித்த குற்றவியல் சட்டமும் சொத்து யார் பெயரில் என்று பார்ப்பதில்லை; யாருடைய அனுபோகத்தில் உள்ளது என்றே பார்க்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். சொந்த வீடு உள்ளோருக்கு மட்டும் உரிய உரிமையாக அவர்கள் அதை அறிவிக்கவில்லை. ஓய்வூதியத்துடன் ஓர் அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் முதியவருக்கும் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வருவதால் நட்டம் ஏதுமில்லை.

மாதிரிச் சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. அவை திருத்தி இயற்றலாம். நுழைவதற்கான காரணங்களைச் சட்டமே வரையறுக்க வேண்டும். மீறினால் அபராதம் வேண்டும். ஒப்பந்தக் காகிதம் இல்லாதோருக்கும் இந்தப் பாதுகாப்பு வேண்டும். இக்கோரிக்கைகள் கூலி உயர்வுக் கோரிக்கையுடன் சேர்ந்தே ஒலிக்க வேண்டும். ஆலை வாயிலில் சங்கம் கட்டும் தோழர்கள், அதே தொழிலாளியின் குடியிருப்பு வாயிலிலும் வாடகைதாரர் சங்கம் கட்டட்டும். தனியொரு தொழிலாளியால் மூட முடியாத கதவை அமைப்பாகத் திரண்ட தெரு மூடும்.