ரீசார்ஜில் நம்மிடம் வாங்கிய கிராமப் பணம் எங்கே?



"நெட் இல்லம்மா, நாளைக்கு வாங்க." ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்துவிட்டு நிற்கும் கிழவி கேட்கிற பதில் இது. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு நிற்கும் மாணவனும் இதையேதான் கேட்கிறான். 100 நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவையே செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. மலையடிவாரத்தில் ஏரி தூர்வாரும் இடத்தில் சிக்னல் இருக்குமா என்று டெல்லியில் யாரும் யோசிக்கவில்லை. போட்டோ ஏறவில்லை என்றால் கூலிக்குச் சிக்கல். மண் சுமந்தவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, ஆனால் அலைவது அவர்தான்.

கிராமத்துக்கு இன்டர்நெட் கொண்டுவரப் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணம் இருக்கிறது. அதைக் கொடுத்தவரே நீங்கள்தான்.

எப்படி என்று கேட்பீர்கள். நாட்டில் தொலைபேசி சேவை நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும், தன் சரிசெய்யப்பட்ட வருவாயில் 8 சதவீதத்தை உரிமக் கட்டணமாக ஒன்றிய அரசுக்குக் கட்ட வேண்டும். அந்த 8-ல் 5 சதவீதம், கிராமங்களுக்கும் ஒதுக்குப்புறமான பகுதிகளுக்கும் தொலைத்தொடர்பு கொடுப்பதற்கென்றே வசூலிக்கப்படுகிறது. நிறுவனம்தானே கட்டுது, நமக்கென்ன என்று தோன்றலாம். நிறுவனம் எந்த மரத்தில் பறித்துக் கட்டுகிறது? நீங்கள் 199 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்கிறீர்கள். ஜிஎஸ்டியைக் கழித்தால் 168 ரூபாய் சொச்சம். அதில் 5 சதவீதம் என்றால் உத்தேசமாக 8 ரூபாய். வீட்டில் மூன்று போன் இருந்தால், 28 நாளுக்கு ஒருமுறை என்று போட்டுப் பாருங்க, வருடத்துக்கு 300 ரூபாய்க்கு மேல் வரும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் எல்லாம் அடுத்தடுத்து கட்டணத்தை ஏற்றினார்களே, அப்போது இந்தப் பங்கும் சேர்ந்தேதான் ஏறியது.

இந்த வசூல் தொடங்கியது 2002 ஏப்ரல் 1-ல். அடுத்த ஆண்டு தந்திச் சட்டத்தைத் திருத்தி இதற்குச் சட்ட அந்தஸ்தும் கொடுத்தார்கள். உலகளாவிய சேவைக் கடமை நிதி என்று பெயர். நல்ல யோசனைதான், அதில் நமக்குச் சண்டை இல்லை. லாபம் வரும் நகரத்தில் நிறுவனம் தானாகப் போய் டவர் வைக்கும், லாபம் வராத ஊருக்கு யாராவது தள்ளிவிட்டால்தான் போகும். அந்தத் தள்ளுகிற வேலைக்குத்தான் இந்தப் பணம்.

ஆனால் பணம் நேராக அந்த நிதிக்குப் போவதில்லை. முதலில் இந்தியத் தொகுப்பு நிதிக்குள் விழுகிறது. பிறகு நாடாளுமன்றம் ஒதுக்கீடு செய்தால்தான் கிராமத்துக்கு. வசூலித்த அளவுக்கு மாற்றிக் கொடுக்கவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையரே தம் அறிக்கைகளில் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார். 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசுக் கணக்கின்படியே 50,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகாமல் கிடந்தது. பற்றாக்குறையைக் குறைத்துக் காட்ட இப்படி ஒரு வசதி வேறு எந்த நிதியமைச்சருக்குக் கிடைக்கும்!

இந்தத் தேக்கத்தைக் காட்டித்தான் நிறுவனங்களின் சங்கம் இப்போது கேட்கிறது: இருக்கும் பணத்தையே செலவழிக்கவில்லை, அது தீரும்வரை எங்களிடம் வசூலிக்காதீர்கள் என்று. செலவு செய்யாத அரசு, கட்டாமல் இருக்கத் துடிக்கும் கம்பெனி. ரெண்டு பேருக்கும் நடுவில் கிராமம் காணாமல் போகிறது. வசூலை நிறுத்தினால் உங்கள் ரீசார்ஜ் 8 ரூபாய் குறையும் என்று கனவு காணாதீர்கள். அந்த 8 ரூபாயும் லாபக் கணக்கில் போய் உட்காரும்.

சரி, செலவழித்த பணம் என்ன ஆயிற்று?

2011 அக்டோபரில், இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிள் என்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு சுமார் 20,000 கோடி. இரண்டே வருடத்தில் முடிப்போம் என்றார்கள். அது காங்கிரஸ் ஆட்சி. பிறகு பாஜக ஆட்சி வந்து பாரத்நெட் என்று பெயரை மாற்றியது. 2017-ல் மொத்த மதிப்பு 42,068 கோடி ஆனது. 2020 ஆகஸ்ட் 15-ல் செங்கோட்டையில் நின்று பிரதமர் சொன்னார்: 1000 நாட்களில் 6 லட்சம் கிராமங்களுக்கும் இழை கேபிள். அந்த 1000 நாள் 2023 மே மாதம் முடிந்தது. நடுவில் 2021-ல் 16 மாநிலங்களைத் தனியார் கையில் கொடுக்க முடிவு செய்து மதிப்பை 61,109 கோடியாக உயர்த்தினார்கள், அந்த டெண்டர் கடைசியில் கைவிடப்பட்டது. 1000 நாள் கெடு தாண்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2023 ஆகஸ்டில் திருத்தப்பட்ட திட்டம் என்று 1,39,579 கோடிக்குப் புது ஒப்புதல். 20,000 கோடியில் ஆரம்பித்தது ஏழு மடங்கு ஆகிவிட்டது. உங்க ஊர்ல நெட் ஏழு மடங்கு வேகமா வருதா?

இப்போது கேட்டால் 2.1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் "சேவைக்குத் தயார்" என்கிறார்கள். இந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். சேவை நடக்கிறது என்று சொல்லவில்லை, தயார் என்றுதான் சொல்கிறார்கள். கேபிள் வந்து சேர்ந்துவிட்டது, பெட்டியை மாட்டிவிட்டார்கள், ஒருநாள் விளக்கு எரிந்தது, கணக்கில் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் சாலை விரிவாக்கத்துக்கு வந்த ஜேசிபி கேபிளை அறுத்தால்? பழைய வடிவமைப்பில் கேபிள் ஒன்றியத் தலைநகரிலிருந்து ஒற்றைக் கோடாகப் போகும். வழியில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள அத்தனை ஊரும் இருட்டு. வளையமாக இழுத்திருந்தால் மறுபக்கத்திலிருந்து சேவை வந்திருக்கும். இந்தச் சாதாரண விஷயம் திட்டத்தில் ஏறுவதற்கு 2023 வரை ஆனது. அப்புறம் கரண்ட் பில் யார் கட்டுவது, பேட்டரி போனால் யார் மாற்றுவது, ஊராட்சி அலுவலகச் சாவி யாரிடம் என்று ஆயிரம் கேள்வி. அந்தப் பெட்டியிலிருந்து வீட்டுக்கும் பள்ளிக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் கேபிள் இழுப்பது யார் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. பெட்டி வரை கொண்டுவந்ததை வைத்து வீட்டுக்கு வந்த மாதிரி காட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒன்றும் சுத்தமாக நடந்துவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இங்கே 12,525 ஊராட்சிகளுக்கான வேலை மாநில அரசின் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தின் பொறுப்பு. சுமார் 2,000 கோடி ரூபாய் டெண்டரின் நிபந்தனைகள் சில கம்பெனிகளுக்கு வசதியாக வளைக்கப்பட்டன என்று அறப்போர் இயக்கம் புகார் கிளப்பியது. 2020 ஜூனில் ஒன்றிய அரசே தலையிட்டு அதை ரத்து செய்து மறு டெண்டர் விடச் சொன்னது. அன்றைய அதிமுக ஆட்சியின் பதில்களை நாம் மறக்கவில்லை. கொரோனாவில் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காகப் பாறை மேலும் மொட்டை மாடியிலும் சிக்னல் தேடிய அதே மாதங்களில்தான் இந்தக் கூத்து நடந்தது. வேலை கிராமங்களில் தொடங்கியது 2022-ல்தான்.

பொதுத்துறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜியோ 4ஜி வந்தது 2016-ல். பிஎஸ்என்எல் நாடு முழுக்க 4ஜி தொடங்கியது 2025 செப்டம்பரில். ஒன்பது வருடம்! கால்களைக் கட்டிப்போட்டு ஓடச் சொல்லிவிட்டு, பார்த்தீங்களா அரசு நிறுவனம்னாலே இப்படித்தான் என்று சிரித்தவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். இன்று பாரத்நெட் முழுவதையும் அதே பிஎஸ்என்எல் தலையில்தான் வைத்திருக்கிறார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். 2023 டிசம்பரில், எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 146 பேரை இடைநீக்கம் செய்த அதே கூட்டத்தொடரில், தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். 1885-ன் தந்திச் சட்டத்துக்கு மாற்று என்றார்கள். அதில் நம்முடைய பழைய நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று புதுப் பெயர். 2024 ஆகஸ்டில் அதற்கான விதிகளும் வந்தன. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், நலிந்த பிரிவினருக்குச் சேவை என்று எழுதியிருக்கிறார்கள். இந்தப் பணத்தில் கட்டும் வலையமைப்பை எல்லோருக்கும் பாகுபாடின்றித் திறந்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது. நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால் கூடவே ஒன்றைச் செய்திருக்கிறார்கள். கிராமத்துக்கான இந்த நிதியை இனி ஆராய்ச்சிக்கும், முன்னோட்டத் திட்டங்களுக்கும், புதிய தொழில்நுட்பத்துக்கும் எடுக்கலாம். நகரத்திலும் செலவழிக்கலாம். ஆராய்ச்சி வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்குத் தனியாகப் பணம் போடுங்கள். குடிதண்ணீருக்கு வைத்த பணத்தில் நீரூற்று கட்டுவது எந்த ஊர் நியாயம்? நிதியின் கட்டுப்பாடு முழுவதும் ஒன்றிய அரசிடம். பழையபடி பணம் முதலில் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். மாநில அரசுக்கோ ஊராட்சிக்கோ முடிவெடுக்கும் இடத்தில் நாற்காலி கிடையாது. தொலைத்தொடர்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, தெரியும். ஆனால் கேபிள் போகிற சாலை யாருடையது? மின்கம்பம் யாருடையது? 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வழியுரிமை விதிகளில் மாநில அமைப்புகளும் உள்ளாட்சிகளும் எந்தக் காலக்கெடுவுக்குள் அனுமதி கொடுக்க வேண்டும் என்று கறாராக எழுதத் தெரிகிறது. நிலம் கொடுக்க மாநிலம் வேண்டும், பணம் பற்றிப் பேச மட்டும் மாநிலம் வேண்டாமா?

அடுத்த ஆபத்து மேலே இருந்து வருகிறது. 2025 ஜூனில் எலான் மஸ்க்கின் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு உரிமம் கிடைத்தது. அதற்கு முந்தைய மாதமே, சேவை இல்லாத பகுதிகளில் செயற்கைக்கோள் இணையக் கருவிக்கு மானியம் தருவதைப் பரிசீலிக்கலாம், அதை டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து கொடுக்கலாம் என்று டிராய் பரிந்துரைத்திருந்தது. கேபிளே போக முடியாத தீவுக்கும் காட்டுக்கும் செயற்கைக்கோள் தேவைதான். ஆனால் ஒன்றியத் தலைநகரிலிருந்து எட்டு கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்குமா?

கற்பனை பண்ணிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2021-ல் கிராம இணையத்துக்கு 42.45 பில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். இழை கேபிளுக்கே முன்னுரிமை என்பது விதி. டிரம்ப் ஆட்சி 2025 ஜூனில் அந்த முன்னுரிமையை எடுத்துவிட்டது, செயற்கைக்கோள் கம்பெனிகளுக்குக் கதவு அகலமாகத் திறந்தது. இத்தனைக்கும் அங்கே பணத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்துத் திட்டமும் மாநிலங்களே போட்டன. இங்கே அதுகூட இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குப் போகும் முன் ஊராட்சி அலுவலகத்துக்குள் எட்டிப் பாருங்கள். பெட்டி இருக்கிறதா, விளக்கு எரிகிறதா? கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: நம்ம ஊராட்சி "சேவைக்குத் தயார்" பட்டியலில் இருக்கா? எந்தத் தேதியில் ஏறியது? பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் சுகாதார நிலையத்துக்கும் இணைப்பு உண்டா? கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் வேலை செய்தது, பழுது வந்தால் யாரைக் கூப்பிடுவது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் நம் ஒன்றியக் குழு அலுவலகத்துக்கு வாங்க, உட்கார்ந்து எழுதிவிடலாம். வந்த பதிலின் நகலையும் அங்கேயே கொடுத்துவிட்டுப் போங்கள்.