சட்டத்தைத்தானே வாசித்தார்கள்?

"மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தது பாராளுமன்றம். நீதிமன்றம் என்ன செய்யும், இருக்கிற சட்டத்தைத்தானே வாசிக்கும்?" என்று நம் கினிகத்தேனையில் படித்தவர்களே கேட்கிறார்கள்.

இருந்த சட்டத்திலேயே தடையும் இருந்தது. மற்றச் சமூகங்களுக்கு இல்லாத பாதகத்தை ஒரு சமூகத்தின் மேல் மட்டும் சுமத்தும் சட்டம் செல்லாது என்றது அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு. இங்கிருந்து யட்டியாந்தோட்டைப் பக்கம் இறங்கினால் ருவன்வெல்லை. அந்தத் தொகுதியின் தேர்தல் இடாப்பில் பெயர் கேட்டு மறுக்கப்பட்டவர் கோடக்கன் பிள்ளை. கேகாலையில் மேன்முறையீட்டை விசாரித்த அதிகாரி சிவஞானசுந்தரம், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும், பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்ற 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் செல்லாது என்றார். 1951இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1953இல் இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சிலும் கைவிரித்தது. வேறு மாதிரி வாசிக்க வழியில்லை என்று எப்படிச் சொல்வது? ஒருவர் வாசித்திருக்கிறாரே!

"சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லையே" என்பது அடுத்த வாதம். நேரடியாக மீறாமல் சுற்றிவளைத்து மீறும் சட்டமும் செல்லாது என்பதைப் பிரிவிக் கவுன்சிலே ஒப்புக்கொண்டது. பிறகு, இது அப்படிப்பட்டதல்ல என்று விட்டுவிட்டது. தகப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்டு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது பிரஜாவுரிமைச் சட்டம். லயத்தில் எந்தப் பெட்டியில் பூட்டனின் பிறப்புத் துண்டு இருக்கும்? 1947இல் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது, 1952இல் ஒன்றுமில்லை. சுற்றிவளைத்தது எங்கே போய் முடிந்தது என்று அறிய இதற்கு மேல் என்ன வேண்டும்?

"பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வழி விட்டார்களே" என்பார்கள். நீதிபதிகளும் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தைத்தான் சுட்டினார்கள். குடும்பஸ்தருக்கு 7 வருட, தனி ஆளுக்கு 10 வருட இடைவிடாத வதிவு வேண்டும். இந்தியாவில் ஊருக்குப் போனவர் 12 மாதத்துக்குள் திரும்பாவிட்டால் அந்தக் கணக்கு அறுந்தது. சுமார் 8 லட்சம் பேருக்காக மனுப் போட்டதில் கிடைத்தது 1,34,000 பேர் அளவுக்குத்தான். அந்த வழியைக் காட்டி வழக்கைத் தள்ளியது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கடைசியாக, "2003இன் பிரஜாவுரிமை வழங்கும் சட்டத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது" என்கிறார்கள். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் உரியது அந்தச் சட்டம். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு அது எதைத் திருப்பிக் கொடுத்தது?