கை மட்டும் போதுமா?

ஆரணிப் பட்டு என்றால் அறியாதவர் இல்லை. ஆனால் புடவையின் அழகை வியக்கும் நாம், அதை நெய்த கைகளுக்குரியவரை எண்ணிப் பார்க்கிறோமா? விளையாட்டு உலகிலும் இதே குறை உண்டு என்பதைப் பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாட் நகரில், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் பிறந்தார். பூனாவில் ஐரோப்பியர்களின் கிரிக்கெட் சங்கத்தில் மாதம் 4 ரூபாய்ச் சம்பளத்திற்கு வேலை செய்தார். ஆடுகளத்தைச் சமன்படுத்துவதும், வலை கட்டுவதும், துரைமார்களின் பயிற்சிக்குப் பந்து வீசுவதுமே அவர் பணி. நாள்தோறும் வீசி வீசியே இடக்கைச் சுழற்பந்தில் வல்லவரானார்.

அவருடைய திறமையை அறிந்த பூனா இந்துக்கள் அவரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ அவருக்கு மட்டும் வெளியே, தனி மண் குவளையில் தேநீர்! 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இருந்தும் இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்குக் கிடைக்கவேயில்லை. 1923-இல் அவருடைய தம்பி விட்டல் அப்பதவியைப் பெற்றார்.

"அது அந்தக் காலம், இன்று அப்படி ஏது?" என்று சிலர் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எங்கள் வகுப்பில் ஒரு தோழி விரல்களில் சாயக் கறையோடு வருவாள். எறிபந்து ஆட அவளைத்தான் முதலில் அழைப்போம். அவள் பந்தைப் பிடித்தால் கைதட்டுவோம். மதிய உணவு வேளையில் அவள் தனியே உட்கார்ந்திருப்பாள். அவளை யாரும் போ என்று சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. பாலுவைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு அந்த மண் குவளை தெரிந்தது. வெட்கத்தால் தலை குனிந்தோம்.

மறுநாள் அவளை அழைத்தோம். அவள் சற்றுத் தயங்கித்தான் வந்தாள். அந்தத் தயக்கத்திற்குக் காரணம் நாங்களே அல்லவா?

திறமையைப் பாராட்டுவது எளிது; அதனால் நமக்கு வெற்றி கிடைக்கிறது. திறமை உடையவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்வதே உண்மையான மதிப்பு என்பது எங்கள் கருத்து. பெற்றோர்களே, நீங்களும் வீட்டில் இதைச் சொல்லிக் கொடுங்கள். தங்கைகளே, அடுத்த ஆண்டு விளையாட்டுத் தலைவியைத் தேர்ந்தெடுக்கும்போது, யாருடைய கைகளால் வென்றோம் என்பதை நினைத்துப் பார்த்து வாக்களியுங்கள்!