பொம்மையைக் கழுவுறது பாதி வேலைதான்

சமயபுரம் சித்திரைத் தேர் முடிஞ்சு வீட்டுக்குப் போற குடும்பங்களைப் பாருங்க. பெரியவங்க கையில பிரசாதப் பை, குழந்தை கையில பீப்பி, கிலுகிலுப்பை, அமுக்கினா கத்துற ரப்பர் வாத்து. பஸ் ஏறுறதுக்குள்ள அது வாய்க்குப் போயிடும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்ன செய்றாங்க? வாளித் தண்ணியில டெட்டாலை ஊத்தி எல்லாத்தையும் ஊறப் போடுறாங்க. அப்புறம் எடுத்து, ஒரு உதறு உதறி, ஈரத்தோட மூடி போட்ட டப்பாவுக்குள்ள போட்டுடுறாங்க. வாசனை வந்தா சுத்தம்னு நமக்கு ஒரு நம்பிக்கை.

என் கருத்து இதுக்கு நேர் எதிர். கழுவி காயாத பொம்மையை விட, கழுவாம தூசியோட கிடக்குற பொம்மை பல சமயம் பரவாயில்லை. கிருமி பெருகுறதுக்கு ஈரம் வேணும். மூடின டப்பா, உள்ளே ஈரம், கூடவே குழந்தையோட எச்சில், பிஸ்கட் துகள். இதுக்கு மேல கிருமிக்கு என்ன வேணும்?

அந்த ரப்பர் வாத்துக்கு வருவோம். குளிக்கிற தண்ணியில மிதக்க விடுவோம்ல, அது. அடியில சின்ன ஓட்டை இருக்கும். தண்ணி உள்ளே போகும், முழுசா வெளியே வராது. 2018-ல சுவிட்சர்லாந்து, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரி குளியல் பொம்மைகளை வெட்டிப் பார்த்தாங்க. உட்புறச் சுவர் பூரா வழவழன்னு ஒரு படலம். ஒரு சதுர சென்டிமீட்டர்ல 50 லட்சத்துல இருந்து 7.5 கோடி வரைக்கும் கிருமி செல்கள்! மட்டமான மிருதுவான பிளாஸ்டிக்ல இருந்து கசியுற கார்பன் பொருட்களே அதுங்களுக்குச் சாப்பாடாகுதுன்னும் சொன்னாங்க.

உடனே பயப்படாதீங்க. ஆரோக்கியமான குழந்தைக்கு இதனால பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா எதிர்ப்பு சக்தி குறைஞ்ச குழந்தை, புற்றுநோய் சிகிச்சையில இருக்குற குழந்தைன்னா கதை வேற. ஆஸ்திரேலியாவுல ஒரு குழந்தைகள் புற்றுநோய் வார்டுல, பல மருந்துக்கும் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமி பரவினதைத் தேடிப் போனப்ப, கடைசியில கிடைச்சது தண்ணி தேங்கின குளியல் பொம்மைகள் இருந்த பெட்டி. 1998-ல மருத்துவ இதழ்ல வந்த செய்தி இது.

வீட்டுல நீங்களே சோதிக்கலாம். வாத்தை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள்ள பிழிஞ்சு பாருங்க. கருப்பா துகள் வந்தா குப்பைத் தொட்டிதான். டெட்டாலை உள்ளே ஊத்திக் குலுக்கினா அந்தப் படலம் போகாது. அடுத்த தடவை ஓட்டை இல்லாத பொம்மையா வாங்குங்க.

மத்த பிளாஸ்டிக் சாமானுக்கு பாத்திரம் தேய்க்கிற சோப்பும் தண்ணியும் போதும். இடுக்குக்கு ஒரு பழைய பல் தேய்க்கிற பிரஷ். தேய்ச்சு, நல்ல தண்ணியில அலசி, ஓட்டை உள்ள கூடையில கவுத்துப் போட்டுக் காத்தாட விடுங்க. வாயில வைக்கிற வயசுன்னா, வாய்க்குப் போற பொம்மையை மட்டும் தினமும் கழுவுங்க, மொத்தக் கூடையும் வேணாம். வெயில் நல்லதுதான், ஆனா கத்திரி வெயில்ல நாள் முழுக்கப் போட்டா பிளாஸ்டிக் நொறுங்கும். உடைஞ்ச துண்டு தொண்டையில சிக்கினா கிருமியை விட அது பெரிய ஆபத்து. ஐப்பசி கார்த்திகை அடைமழையில ஃபேனுக்கு அடியில ராத்திரி பூரா விடுங்க. துணிப் பொம்மை தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே பஞ்சு ஈரமா இருக்கும். அமுக்கிப் பார்த்துட்டுக் கொடுங்க.

மரச் சொப்புச் சாமானை ஊறவே வைக்காதீங்க. ஈரத்துணியால துடைச்சு உடனே காய வைங்க. துடைக்கும்போது துணியில சாயம் ஒட்டுச்சுன்னா, வாயில வைக்கிற குழந்தைகிட்ட அது போகவே கூடாது. 2021 ஜனவரியில இருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில யார் அதைப் பார்க்குறா, நாமளும்தான் கேக்குறதில்லை.

பேட்டரி பொம்மையை கழுவக் கூடாது, துடைக்கத்தான் செய்யணும். மூடியைத் திறந்து காய வைக்கிறேன்னு பட்டன் பேட்டரியை ஜன்னல் திண்டுல வச்சிடாதீங்க. குழந்தை முழுங்கி அது உணவுக்குழாய்ல மாட்டினா 2 மணி நேரத்துக்குள்ளேயே வெந்து புண்ணாக ஆரம்பிச்சிடும். வாந்தி வர வைக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

இன்னொண்ணு. கை கால் வாய்ல கொப்புளம் வந்தா நம்ம பக்கம் எல்லாத்தையும் அம்மைன்னுதான் சொல்லுவாங்க. வேப்பிலை கட்டுங்க, எனக்கு அதுல சண்டை இல்லை. தலைக்குத் தண்ணி ஊத்துற அன்னைக்கு பாய், போர்வை எல்லாம் வெளுக்குறோம். பொம்மைக் கூடை மட்டும் மூலையில அப்படியே கிடக்கும். 'கை கால் வாய் நோய்' வைரஸ் எச்சில், கொப்புள நீர், மலம் வழியா பரவும். பொம்மை மேல நாள் கணக்குல உயிரோட இருக்கும். சானிடைசர் தடவினா சரியா சாகாது. சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவி விடணும். அதனால அந்தக் கூடையையும் அன்னைக்கே கழுவுங்க. பக்கத்து வீட்டுக் குழந்தையோட பொம்மையை மாத்திக்கிறது கொஞ்ச நாளைக்கு வேணாம்.

கடைசியா, பூச்சி வரக் கூடாதுன்னு பொம்மை டப்பாவுல பாச்சா உருண்டை போடுற வீடுகளுக்கு. அது நாப்தலின். மிட்டாய் மாதிரி வெள்ளையா உருண்டையா இருக்கும், குழந்தை முழுங்கிடும். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைக்கு அதோட புகையே ரத்தச் சிவப்பணுக்களை உடைச்சிடலாம். அந்தக் குறைபாடு இருக்குறது பல வீட்ல டெஸ்ட் எடுக்காதவரை தெரியவே தெரியாது. கண் மஞ்சளாகி, ஒண்ணுக்கு கோலா நிறத்துல போனா ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காதீங்க. இதைப் படிச்சு முடிச்ச கையோட டப்பாவைத் திறந்து பாருங்க, இருந்தா எடுத்துப் போட்டுட்டு, பொம்மைகளைக் கழுவிக் காய வச்சிட்டு அப்புறம் குழந்தைகிட்ட கொடுங்க.