தொண்ணூறு வாக்குகள்

தோழர்களே! கூலி கிடைக்காத நாளின் பசியை நாம் அறிவோம். அந்தப் பசியையே போராட்டமாக்கியவர் மணிப்பூரின் இரோம் சர்மிளா.

2000 நவம்பரில், மாலோமில் பேருந்துக்குக் காத்திருந்த பொதுமக்கள் 10 பேரைப் படையினர் சுட்டுக் கொன்றனர். ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். தற்கொலை முயற்சி என்று வழக்கு. காவலில் வைத்து மூக்குக் குழாய்வழி உணவு. ஆண்டுதோறும் விடுதலை, உடனே மறுபடி கைது. இப்படியே 16 ஆண்டுகள்!

2016 ஆகஸ்டில் உண்ணாவிரதத்தை முடித்தார். 2017 சட்டமன்றத் தேர்தலில் நின்றார். கிடைத்தவை 90 வாக்குகள். பிறகு நம்மைப்போல் ஊரைவிட்டு வந்தவர், 2019இல் நம் பெங்களூரில்தான் இரட்டைப் பெண்குழந்தைகளுக்குத் தாயானார்.

அந்தச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை. ஒருவர் பட்டினி கிடக்க, மற்றவர் கைதட்டிப் போனால் எந்த உரிமையும் வராது. நம் குடியிருப்புப் பட்டாவுக்கும் இதே பாடம்தான். கூட்டத்துக்கு வாருங்கள், குடும்பத்தோடு!