புகை மேல பழி போட்டா குஞ்சு பிழைக்குமா?

போன வாரம் எர்ணாவூர்ல இருந்து தங்கச்சி வீட்டுக்காரர் போன் பண்ணார். "மச்சான், மூணு வாரக் குஞ்சு ஏழு. ரெண்டுக்குக் கழுத்து முறுக்கிக்கிச்சு, ஒண்ணு வட்டம் போட்டே சுத்துது. எல்லாம் இந்தக் கம்பெனிப் புகைதான்."

"தடுப்பு மருந்து விட்டீங்களா மாப்ள?"ன்னு கேட்டேன். பதில் இல்ல.

எண்ணூர்க்காரங்க புகையைத் திட்டறதுல தப்பே இல்ல. 2023 டிசம்பர்ல கழிமுகம் முழுக்க எண்ணெய் மிதந்தது. அதே மாசம் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சு ஊரே ராத்திரியில ஓடுச்சு. ஈயம் மாதிரி நஞ்சு கோழியோட நரம்பைக் கெடுக்கும்கிறதும் உண்மை. ஆனா கழுத்து திருகின ஒவ்வொரு குஞ்சுக்கும் புகையையே காரணம் சொன்னா, நம்ம கையில இருக்கிற வேலையைச் செய்யாம தப்பிக்கிறோம்னு அர்த்தம்.

இன்னொரு கூட்டம் இருக்கு. எதுக்கெடுத்தாலும் "வைட்டமின் குறைவு, சொட்டு விடு". நானும் அந்தக் கூட்டத்துல இருந்தவன்தான். ஒரு வருஷம் குஞ்சுங்க கழுத்தைத் திருப்பினப்போ மூணு நாள் சொட்டு விட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பாட்டியோட பெட்டைங்க சுருண்டு விழுந்துச்சு. முட்டை வித்துதான் அவங்க மாத்திரை வாங்குவாங்க. அந்த மூணு நாளுக்கு நான் இன்னும் பதில் சொல்லல.

அதனால முதல்ல பார்த்துப் பழகணும். ஒண்ணு ரெண்டு குஞ்சு மட்டும் தலையைப் பின்னாடி வளைச்சு ஆகாசத்தைப் பார்க்குதா? பி1 குறைவா இருக்கலாம். கால் விரல் உள்ளே சுருண்டு, கணுக்கால்ல நடக்குதா? பி2. ரெண்டு மூணு வாரத்துல தள்ளாடி, மல்லாந்து விழுந்து, காலை உதைக்குதா? வைட்டமின் ஈ. கடல் காத்துல ஈரம் பிடிச்சு சிக்கு வாடை அடிக்கிற பழைய தீவனத்துல அந்தச் சத்து செத்துப் போயிடும். இதுக்கெல்லாம் தீவனத்தை மாத்தி, சொட்டு விட்டு, தனிப் பெட்டியில வெதுவெதுப்பா வெச்சு, சொட்டுக் குழாயில கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஊட்டினா, சீக்கிரம் பார்த்ததுல பல தேறும்.

ஆனா வாயைத் திறந்து மூச்சு வாங்குது, கரகரன்னு சத்தம், பச்சையும் வெள்ளையுமா கழிச்சல், றெக்கை தொங்குது, அதோட கழுத்து திருகுதுன்னா, அது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட்னு சொல்றது இதைத்தான். அடுத்தடுத்த வீட்டுலயும் சாவு விழுந்தா சந்தேகமே வேண்டாம், உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க. பறவைக் காய்ச்சலும் இதே மாதிரி காட்டும், டாக்டர்தான் பிரிச்சுச் சொல்லணும். வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது. ஆன்டிபயாட்டிக் பவுடர் விக்கிறவன் உங்க காசைத்தான் குணப்படுத்துவான். பிழைச்ச குஞ்சுலயும் சிலது கடைசி வரைக்கும் கோணக் கழுத்தோடதான் திரியும்.

இது இன்னைக்கு வந்த நோயும் இல்ல. 1926-ல் இங்கிலாந்துல நியூகாசில் ஊர்ல கண்டுபிடிச்சு, கொஞ்ச காலத்துலயே நம்ம நாட்டு மலையூர் ராணிக்கேத்ல அடையாளம் கண்டு அந்தப் பேர் வெச்சாங்க. தடுப்பு மருந்து வந்தும் எத்தனையோ வருஷம் ஆச்சு. 7-ம் நாள் கண்ணுல, மூக்குல சொட்டு. நாலாவது வாரம் லசோட்டா. எட்டாவது வாரம் றெக்கையில ஊசி. அவ்வளவுதான்.

இங்க அரசாங்கத்தையும் கேக்கணும். வருஷா வருஷம் பிப்ரவரி வாக்குல ரெண்டு வாரம் கோழிக்கழிச்சல் முகாம் நடத்தறீங்க, நல்லது. ஆனா ஜூன்ல பொரிக்கிற குஞ்சு பிப்ரவரிக்காகக் காத்திருக்குமா? ஒரு குப்பியை உடைச்சா நூறு கோழிக்கு மேல வரும், கரைச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீர்க்கணும். ஏழு குஞ்சு வெச்சிருக்கிறவ யாரைக் கேப்பா? மாதவரத்துல தலைமையிடம் இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழகம், வீட்டுக் கோழிக்குன்னே வாயில போடற குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியிருக்கு. அது ஏன் எல்லா மருந்தகத்து அலமாரியிலயும் வருஷம் முழுக்க இல்ல?

அது வர்ற வரைக்கும் நம்ம வழி ஒண்ணு இருக்கு. தெருவுல அஞ்சு பெட்டையையும் ஒரே வாரத்துல அடைக்கு வையுங்க. குஞ்சு ஒண்ணாப் பொரிக்கும், ஒரு குப்பி ஐஸ்ல வெச்சு வாங்கி எல்லார் வீட்டுக்கும் பங்கு போடலாம். செத்ததைப் பக்கிங்காம் கால்வாய்ல வீசாம, சுண்ணாம்பு போட்டு ஆழமாப் புதையுங்க. நோய் வந்த கோழியை அவசரமா சந்தைக்குக் கொண்டு போகாதீங்க. அது வியாபாரம் இல்ல, அடுத்த வீட்டுக்குச் சாவை விக்கிறது.

புகையை எதிர்த்துப் போராடலாம், நானும் வர்றேன். ஆனா ஏழாம் நாள் சொட்டைத் தடுத்தது புகை இல்ல மாப்ள. நாமதான்.